உஷார்! சுவரில் மாட்டத்தானே என்று துப்பாக்கி வாங்குபவர்களுக்கு

"1879 மார்ட்டினி ஹென்றி ரைஃபிள். ஆப்கன் போரில் இந்தியச் சிப்பாய் தூக்கியது. நூறு சதவீதம் ஒரிஜினல். சுடாது. லைசென்ஸ் வேண்டாம்."

நாலு படங்களோடு இப்படி ஒரு செய்தி உங்கள் வாட்ஸ்ஆப்புக்கு வந்தால், பதில் போடும் முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு இதைப் படியுங்கள். அந்த ஐந்து வாக்கியங்களில் எது வேண்டுமானாலும் பொய்யாக இருக்கலாம். அதைவிடக் கலவரம், அதில் ஒன்றிரண்டு உண்மையாக இருந்துவிட்டால்தான். பொருள் போலியானால் காசு போகும். அசலானால் கேஸ் வரும். அசலும் போலியும் கலந்த சரக்காக இருந்து, யாராவது ஆசைப்பட்டு அதில் ஒரு தோட்டாவையும் போட்டுப் பார்த்தால், விரலோ கண்ணோ போகும்.

பழம்பொருள் சேர்க்கும் ஆசை நம்மிடம் எப்போதும் உண்டு. காரைக்குடிக் கடைகளில் பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, கடிகாரம், கிராமபோன் என்று வாங்கி வீட்டை நிரப்பியவர்களை எனக்குத் தெரியும். ஜாடி போலி என்று தெரிந்தால் ஊறுகாய் போட்டுக்கொள்ளலாம். துப்பாக்கியில் அந்த வசதி இல்லை. "மாமா, சும்மா ஹால்ல மாட்டி வைக்கத்தானே?" என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். மாட்டி வைக்கத்தான் என்ற எண்ணம் சட்டத்துக்கும் தெரியாது, குழலுக்குள் இருக்கும் மருந்துக்கும் தெரியாது.

முதலில் அந்த "ஆப்கன் போர்" கதையை எடுத்துக்கொள்வோம். விற்பனையில் பாதி விலை கதைக்குத்தான்.

பிரிட்டிஷ் இந்தியத் துப்பாக்கிகளின் வரிசையைத் தெரிந்துகொண்டாலே பல கதைகள் உதிர்ந்துவிடும். 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு, வாய்ப்பக்கமாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. கொழுப்புத் தடவிய அதன் தோட்டாவைப் பல்லால் கடிப்பதைப் பற்றிய கலக்கம்தான் 1857 கிளர்ச்சிக்குத் திரி வைத்தது. அதன் பின்பக்கத்தை வெட்டி, கீல் வைத்த மூடி பொருத்தி, 1866இல் வந்தது ஸ்னைடர். 1871இல் மார்ட்டினி ஹென்றி: கைப்பிடிக்குக் கீழே ஒரு நெம்புகோல், அதைக் கீழே இழுத்தால் உள்ளே இருக்கும் கட்டை இறங்கும், தோட்டாவைச் செருகி நெம்புகோலை மேலே தூக்கினால் சுடத் தயார். 1879இல் ஜூலூப் போரில் இசண்டில்வானாவிலும் ரோர்க்ஸ் டிரிஃப்ட்டிலும் பேசப்பட்ட துப்பாக்கி இதுதான். பிறகு 1888இல் லீ மெட்ஃபோர்டு, 1895இல் லீ என்ஃபீல்டு, 1907இல் நம் ஊர்க் காவலர்களின் தோளில் பல பத்தாண்டுகள் தொங்கிய குட்டை .303இன் மூன்றாவது மாதிரி.

இந்த வரிசைக்குள் ஒரு அரசியல் இருக்கிறது. 1857இல் கை சுட்டுக்கொண்ட பிறகு, இந்தியச் சிப்பாயின் கையில் வெள்ளைக்காரச் சிப்பாயின் துப்பாக்கியைவிட ஒரு படி பழையதைத்தான் கொடுப்பது என்று ஆங்கிலேயர்கள் நடந்துகொண்டார்கள். 1880 ஜூலை 27 மைவாண்ட் போரில், ஆப்கன் படைத்தலைவர் அயூப் கானிடம் அவர்கள் தோற்ற அந்தப் போரில், 66ஆம் ரெஜிமெண்டின் வெள்ளைக்காரர்களிடம் மார்ட்டினி இருந்தது. பக்கத்தில் நின்ற பம்பாய் ரெஜிமெண்டுகளின் கையில் ஸ்னைடர்தான். ஆக, "1879, ஆப்கன் போர், இந்தியச் சிப்பாய், மார்ட்டினி" என்று நாலையும் ஒரே மூச்சில் சொல்பவர் வரலாறு படித்தவரல்ல. வாங்குபவரும் படித்திருக்க மாட்டார் என்று நம்புகிறவர்.

சரி, கதை பொய். பொருளாவது அசலா? இங்கேதான் பெரிய சுழல்.

பெஷாவருக்கும் கோஹாட்டுக்கும் இடையே தர்ரா ஆதம் கேல் என்று ஓர் ஊர். ஆஃப்ரிதி பழங்குடியினரின் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து அங்கே துப்பாக்கி செய்வது குடும்பத் தொழில். அரம், கைத்துரப்பணம், கரி அடுப்பு, கிடைத்த இரும்பு: இவற்றை வைத்துக்கொண்டு எதிரில் இருக்கும் எந்தத் துப்பாக்கியையும் அப்படியே செய்துவிடுவார்கள். கைவண்ணத்தைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. எல்லைப்புறத்து மனிதர் தன் சொந்த உபயோகத்துக்குச் செய்துகொண்ட பழைய நகல்களை, நகல் என்று சொல்லியே சேர்க்கும் சேகரிப்பாளர்கள் வெளிநாடுகளில் உண்டு. அதில் தப்பில்லை. அதே சரக்கைப் புதிதாகச் செய்து, அமிலம் ஊற்றி அரிக்கவிட்டு, மண்ணில் புதைத்து எடுத்து, "விக்டோரியா ராணி காலத்தது" என்று விற்பதுதான் இன்றைய வியாபாரம். 2001க்குப் பிறகு ஆப்கானிஸ்தானில் இருந்த வெளிநாட்டுச் சிப்பாய்கள் காபூலின் சிக்கன் ஸ்ட்ரீட்டிலும் முகாம்களுக்குள் கூடிய சந்தைகளிலும் நினைவுப் பொருளாக வாங்கிப் போனவற்றில் இந்தச் சரக்கு ஏராளம். அவை இன்று ஏலம் ஏலமாக உலகம் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

போலியைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இரும்பல்ல, எழுத்து. அசல் மார்ட்டினியின் வலது பக்க இரும்புப் பெட்டியில் ஒரு கிரீடம், அதன் கீழே வி.ஆர். என்று ராணியின் முத்திரை, செய்த இடம், ஆண்டு, மாதிரி எண் ஆகியவை அச்சு வைத்து அடிக்கப்பட்டிருக்கும். ஆங்கிலம் படிக்கத் தெரியாத கைவினைஞர் அதைப் படமாகப் பார்த்து வெட்டும்போது, 'என்' என்ற எழுத்து கண்ணாடியில் பார்த்தது போல இடம் வலம் மாறி நிற்கும். என்ஃபீல்டு என்ற பெயரின் எழுத்துக்கள் முன்பின்னாகும். கிரீடம் பூசணிக்காய் மாதிரி உப்பியிருக்கும். முன்னால் வைத்திருந்த ஒரே துப்பாக்கியைப் பார்த்துப் பத்து செய்தால், பத்திலும் அதே வரிசை எண் விழும்.

எல்லாவற்றையும்விட எளிய சோதனை தேதி. விக்டோரியா 1901 ஜனவரியில் இறந்துபோனார். வி.ஆர். முத்திரைக்குக் கீழே 1907 என்றோ 1911 என்றோ இருந்தால், செத்துப்போன ராணி ஆயுதக்கிடங்குக்கு வந்து கையெழுத்துப் போட்டார் என்றுதான் அர்த்தம். குட்டை .303 பிறந்ததே அவர் காலத்துக்குப் பிறகுதான். அதில் வி.ஆர். இருந்தால் மேலே பேச வேண்டியதே இல்லை. இவ்வளவு எளிய சோதனையில் விழும் பொருள்கூட விற்றுப்போகிறதே என்று எனக்கு ஆச்சரியம்தான். ஆனால் படத்தைப் பார்த்து மயங்கியவர் தேதியை எங்கே பார்க்கிறார்?

தேர்ந்த போலிகள் இதில் சிக்காது. அசல் குழல், போலி பெட்டி. அசல் பெட்டி, புதுக் கட்டை. பர்மிங்ஹாமிலும் பெல்ஜியத்திலும் தனியார் கம்பெனிகள் செய்து, பாரசீக வளைகுடா வழியாகக் கள்ளத்தனமாக எல்லைப்புறத்துக்குப் போன மார்ட்டினிகளின் மேல் பிற்பாடு அடித்த அரசு முத்திரை. இப்படிக் கலவையாக வருவதைக் கையில் எடுத்து, திருகாணிகளைக் கழற்றி, உட்புறத்தைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. படத்தைப் பார்த்து "ஒரிஜினல்தான் ப்ரோ" என்று சான்று கொடுக்கும் நிபுணர்களைக் கண்டால் ஓடுங்கள்.

நேபாளத்திலிருந்து ஒரு பெரிய சரக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு வெளியே வந்தது. காட்மாண்டுவின் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனைக் கிடங்கில் ராணா ஆட்சிக் காலத்திலிருந்து அடைந்து கிடந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை 2003இல் அமெரிக்க வியாபாரிகள் வாங்கினார்கள். அந்தச் சரக்கில் அசல் பிரிட்டிஷ் மார்ட்டினிகளும் உண்டு, நேபாளத்திலேயே கையால் செய்த நகல்களும் உண்டு, ஜெனரல் கெஹேந்திர ஷம்ஷேர் வடிவமைத்த 'கெஹேந்திரா' என்ற தனி ரகமும் உண்டு. கெஹேந்திரா வெளிப்பார்வைக்கு மார்ட்டினி, உள்ளே வேறு இயந்திரம். அதில் தோட்டா போடக் கூடாது, காட்சிக்கு மட்டும் என்பது சேகரிப்பாளர்களிடையே பரவலான எச்சரிக்கை. முதல் கையில் விற்றவர்கள் சொல்லித்தான் விற்றார்கள். மூன்றாம் கை, நாலாம் கை மாறும்போது அந்த எச்சரிக்கை உதிர்ந்து, வெறும் "மார்ட்டினி" மட்டும் மிஞ்சுகிறது.

அடுத்து, "சுடாது" என்ற வார்த்தை. எனக்கு அடிவயிறு கலங்குவது இதில்தான்.

வாய்ப்பக்கம் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில், உள்ளே மருந்து இருக்கிறதா இல்லையா என்பது வெளியிலிருந்து தெரியாது. கெட்டித்துவிட்டால் திரும்ப எடுப்பது பெரும்பாடு. சுட்டுத்தான் காலி செய்ய வேண்டும். அதனால் பழைய ஆட்கள் கெட்டித்தபடியே சுவரில் சாய்த்துவிட்டுப் போயிருப்பார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்து களத்தில் பொறுக்கியெடுத்த துப்பாக்கிகள் 27,574 என்று அப்போதைய கணக்கு சொல்கிறது. அதில் சுமார் 24,000 மருந்து கெட்டித்த நிலையில். ஏறக்குறைய பாதியில் இரண்டு முறை கெட்டித்திருந்தது. ஒன்றில் 23 முறை. சண்டைக் களேபரத்தில் பொறி கொடுக்கும் கேப்பு வைக்க மறந்து, சுட்டதாக நினைத்து, மேலே மேலே கெட்டித்திருக்கிறார்கள். அப்படிக் கைமாறிய துப்பாக்கிகள் எத்தனை எத்தனை வீடுகளில் அலங்காரமாகத் தொங்குகின்றனவோ.

கரிமருந்துக்கு வயது கிடையாது. ஈரம் படாமல் இருந்தால் நூற்றைம்பது வருஷம் கழித்தும் ஒரு பொறிக்குக் காத்திருக்கும். 2008இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், உள்நாட்டுப் போர்க்கால வெடிகுண்டு ஒன்றைத் துரு நீக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்த சேகரிப்பாளர் ஒருவர் அது வெடித்து இறந்துபோனார். அனுபவசாலி. நூற்றுக்கணக்கில் சுத்தம் செய்தவர். போர் முடிந்து 140 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். பரணில் ஒரு பழைய துப்பாக்கி கிடைக்கிறது. துரு. சரி, பக்கத்து லேத் பட்டறையில் கொடுத்து பஃப் போட்டு வாங்கலாம், உடைந்த இடத்தை வெல்டிங் வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். பின்பக்கம் நெருப்பு, முன்பக்கம் பட்டறைப் பையன். குழலுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. அருங்காட்சியகங்களில் இதற்கு ஒரு முறை உண்டு: மரக்குச்சி ஒன்றைக் குழலுக்குள் மெதுவாக இறக்கி, அது எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்து, குழலின் வெளிநீளத்தோடு ஒப்பிடுவார்கள். இரண்டு மூன்று அங்குலம் குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. குளவிக்கூடோ துணியோ மருந்தோ, எதுவானாலும் மருந்து என்றே வைத்துக்கொண்டு விலகிவிடுவார்கள். இதைச் செய்து பாருங்கள் என்று சொல்ல வரவில்லை. இதைச் செய்யாமல் அவர்களே தொடமாட்டார்கள் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

தோட்டா போடும் துப்பாக்கிகளில் வேறு விதமான கண்ணி. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் குடியேறிய நம் ஆட்கள் சிலர் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியிருக்கிறார்கள், சட்டப்படிதான். அவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

1903 ஸ்பிரிங்ஃபீல்டு அமெரிக்கர்களின் செல்லத் துப்பாக்கி. அதில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் செய்த 800,000க்குக் கீழ்ப்பட்ட எண்களும், ராக் ஐலண்ட் ஆலையில் செய்த 285,507க்குக் கீழ்ப்பட்ட எண்களும் சுடத் தகாதவை என்பது நூறாண்டு எச்சரிக்கை. காய்ச்சிய எஃகின் நிறத்தைக் கொல்லர் கண்ணால் பார்த்துப் பதம் சொன்ன காலம் அது. வெயில் நாளில் ஒரு நிறம் தெரியும், மேகமூட்டத்தில் இன்னொரு நிறம் தெரியும். பதம் தவறியவை கண்ணாடி மாதிரி நொறுங்கின. 1917 வாக்கில் அடுத்தடுத்துத் துப்பாக்கிகள் வெடித்த பிறகுதான் முறையை மாற்றினார்கள்.

ஜப்பானிய அரிசாகாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கான பயிற்சித் துப்பாக்கிகள் என்று ஒரு ரகம். பார்வைக்கு அசல் போர்த் துப்பாக்கிதான். பெட்டி வார்ப்பிரும்பு, குழலில் புரி கிடையாது, வெற்று வெடி மட்டும் வெடிக்கச் செய்தது. அதில் நிஜத் தோட்டா போட்டால் முகத்தின் பக்கம் வெடிக்கும். ஜெர்மன் கெவேர் 88இல் சிக்கல் இன்னும் நுணுக்கம்: பழைய குழலுக்குள் ஓடிய குண்டின் விட்டம் .318 அங்குலம், பிற்காலத் தோட்டாவின் குண்டு .323. பெயர் ஒன்றுதான், தோட்டா உள்ளே கச்சிதமாக உட்காரவும் செய்யும்.

நம் நாட்டிலேயே பிறந்த ஒரு குழப்பம் உண்டு. காவலர்களுக்காக .303 துப்பாக்கிகளைக் குடைந்து, புரியை அழித்து, ஒரு முறைக்கு ஒரு தோட்டா போடும் .410 மஸ்கட்டாக இஷாப்பூர் துப்பாக்கி ஆலையில் மாற்றினார்கள். அதற்கான தோட்டா .303இன் கழுத்தைக் குறுக்காமல் விட்ட பித்தளைக் கூடு. கடையில் கிடைக்கும் சாதாரண .410 தோட்டா அல்ல. இவை கப்பலேறி அமெரிக்கா போய், சிலவற்றை அங்கே மறுபடி குடைந்து, சிலவற்றைக் குடையாமல் விற்றார்கள். கையில் இருப்பது எது என்று துப்பாக்கிக் கொல்லர் ஒருவர் அளந்து சொல்லாமல் அதில் எதையும் நுழைக்கக் கூடாது.

பழைய தோட்டாவின் கேப்பு கெட்டுப்போயிருந்தால் இன்னொரு விபரீதம். விசையை இழுத்தால் சத்தமே இருக்காது. "புஸ்ஸுன்னு போச்சு" என்று துப்பாக்கியைத் திருப்பி உள்ளே பார்ப்பார்கள். சில நொடி தாமதித்து அப்போது வெடிக்கும்.

துணைப் பொருள்கள் பக்கம் வருவோம். துப்பாக்கிதானே பிரச்சினை, பயனெட், தோல்வார், தோட்டாப் பை, எண்ணெய்க் குப்பி, தொலைநோக்கி வாங்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஆபத்து குறைவுதான். ஏமாற்று குறைவல்ல. சொல்லப்போனால் இங்கேதான் ஏமாற்று அதிகம், ஏனென்றால் விலைக்கும் அளவுக்கும் சம்பந்தமே கிடையாது.

1907 மாதிரி பயனெட்டை எடுங்கள். 17 அங்குல அலகு. முதலில் வந்தவற்றில் பிடிக்கு மேலே குறுக்குக் கம்பியின் ஒரு முனை கொக்கியாக வளைந்திருக்கும். 1913இல் அந்தக் கொக்கி வேண்டாம் என்று முடிவெடுத்து, இருந்தவற்றில் பலவற்றிலும் அறுத்துவிட்டார்கள். அதனால் கொக்கியோடு தப்பியவை அரிது, விலை பல மடங்கு. உடனே என்ன நடக்கும்? சாதாரண பயனெட்டில் கொக்கியை வெல்டிங் வைத்து விற்கிறார்கள். அலகின் மேல் 1916 என்று தேதி அடித்திருக்கும், கொக்கியும் இருக்கும். பார்த்ததும் வாயைப் பிளந்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போரின் தொலைநோக்கி பொருத்திய குறிசுடும் துப்பாக்கிகள் இன்னும் மோசம். நம்பர் 4 (டி) என்ற பிரிட்டிஷ் ரகத்தில், தொலைநோக்கியின் எண்ணைத் துப்பாக்கிக் கட்டையின் கழுத்தில் அடித்திருப்பார்கள். துப்பாக்கியின் எண்ணைத் தொலைநோக்கியைப் பிடிக்கும் சட்டத்தில் அடித்திருப்பார்கள். இரண்டும் பொருந்தினால்தான் அந்த விலை. ரஷ்ய மோசின் நகாந்தில் தொலைநோக்கியின் எண் குழலின் அடிப்பகுதியில் இருக்கும். சாதாரணத் துப்பாக்கியில் நாலு துளை போட்டு, புதிதாகச் செய்த தொலைநோக்கியை மாட்டி, "ஸ்டாலின்கிராடு" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் விற்றுவிடும். துப்பாக்கியை வாங்காமல் தொலைநோக்கியை மட்டும் வாங்கினால் எதோடு ஒப்பிடுவீர்கள்?

இனி அந்தக் கடைசி வாக்கியம். "லைசென்ஸ் வேண்டாம்."

1959 ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கவும் வைத்திருக்கவும் கொண்டுபோகவும் கூடாது என்கிறது. விற்பவர்கள் நீட்டுவது 45ஆம் பிரிவை. பழைய ரகம், தொன்மை மதிப்புள்ளது, பழுதானது ஆகியவற்றுக்கு அதில் விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடும் ஆயுதமாகப் பயன்படுத்த முடியாததாக அது இருக்க வேண்டும் என்று தொடர்கிறது. விற்பவர் படித்துக் காட்டுவது முன்பாதியை மட்டும். துருப்பிடித்த மார்ட்டினியில் ஒரு சுருள்வில்லை மாற்றினால் வேலை செய்யுமென்றால், அது சட்டத்தின் கண்ணில் முழுத் துப்பாக்கி. முடியுமா முடியாதா என்று சொல்லப்போவது நீங்களும் அல்ல, விற்றவரும் அல்ல. போலீஸ் பறிமுதல் செய்து தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பும். அறிக்கை வரும்வரை நீங்கள் வக்கீல் வீட்டுக்கும் கோர்ட்டுக்கும் நடக்க வேண்டும். தெருமுனை வெல்டர் குழலை அடைத்துக் கொடுத்த துண்டுச்சீட்டு அங்கே எதற்கும் ஆகாது.

2019 டிசம்பரில் வந்த திருத்தம் தண்டனையைக் கூட்டிவிட்டது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. அதே திருத்தம், லைசென்ஸ் உள்ளவரும் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றும் ஆக்கியது. முன்பு மூன்று. தாத்தா வழியில் வந்த துப்பாக்கிக்கும் அந்தக் கணக்குதான். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியையே ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லும் ஊர் இது. "கலெக்‌ஷன்" என்று பத்துத் துப்பாக்கியை வரிசையாக மாட்டுவதெல்லாம் வெளிநாட்டு யூடியூப்பில் பார்த்து ரசிக்க வேண்டிய காட்சி.

.303 பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ராணுவத் தோட்டா வெளியாட்கள் கையில் போகக் கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே அந்த விட்டத்தை விலக்கிவைத்து, பொதுமக்களுக்கென்று .315 என்ற வேறு ரகத்தைக் கொண்டுவந்தார்கள். லைசென்ஸ் கையில் இருக்கும் சாதாரண மனிதருக்கும் .303 எட்டாத சரக்கு. அதை ஒருவர் "பழசு சார்" என்று தூக்கிக்கொண்டு வந்து தருகிறார் என்றால், அது எந்த ஆயுதக்கிடங்கிலிருந்து எப்படி வெளியே வந்தது என்ற கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பாகங்களாக வாங்கினால்? ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடங்கும் என்று சட்டம் வரையறுத்திருக்கிறது. சேர்த்துப் பூட்டும் நோக்கமில்லாத சில்லறைப் பாகங்களுக்கு விலக்கு உண்டு. ஒரு கூரியரில் குழல், அடுத்த கூரியரில் பெட்டி என்று வரவழைத்தவர் அந்த நோக்கம் இல்லை என்று எப்படிச் சொல்வார்? ஒன்பது அங்குலத்துக்கு நீளமான அலகுள்ள பயனெட்டும் சட்டத்தின் ஆயுதப் பட்டியலில் இருக்கிறது. அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் அதற்கும் லைசென்ஸ் வேண்டும்.

அமெரிக்காவில் 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி, மத்தியச் சட்டப்படி தொன்மைப் பொருள். லைசென்ஸ் இல்லாமல் வாங்கலாம். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். டல்லாஸில் இருக்கும் மச்சான் அதை நம்பி, "உனக்கு ஒன்னு கொண்டுவர்றேன்டா" என்பார். டல்லாஸ் விதி மீனம்பாக்கத்தில் செல்லாது. இங்கிருந்து வெளியே அனுப்புவதும் அப்படியே: நூறு வயதைத் தாண்டிய கலைப்பொருள், வரலாற்றுப் பொருள்களுக்கு 1972 தொல்பொருள் சட்டம் காவல் நிற்கிறது; தனியார் அவற்றை ஏற்றுமதி செய்ய முடியாது, இங்கேயே வியாபாரம் செய்யவும் தனி லைசென்ஸ் வேண்டும். உங்களுக்கு விற்க வருபவரிடம் அது இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

சாவிக்கொத்தில் தொங்கும் பழைய தோட்டா, பையின் ஓரத்தில் மறந்துபோன ரவை என்று விமான நிலைய ஸ்கேனரில் சிக்கியவர்கள் பலர். தெரியாமல் இருந்தது, அறிந்து வைத்திருக்கவில்லை என்று நீதிமன்றத்தில் சொல்லித் தப்பியவர்களும் உண்டு. சேகரிப்பாளருக்கு அந்த வாசல் மூடியிருக்கிறது. ஆண்டும் மாதிரியும் பார்த்துப் பேரம் பேசி வாங்கியவர் எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வார்? பேரம் பேசிய வாட்ஸ்ஆப் உரையாடலே சாட்சி.

ஆசை நியாயமானது. எனக்கும் இவற்றைப் பார்க்கப் பிடிக்கும். சென்னையில் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் கம்பெனிக் காலத்து ஆயுதங்கள் இருக்கின்றன. எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தில் தஞ்சாவூர் அரண்மனைக் கிடங்கிலிருந்து வந்தவை இருக்கின்றன. அசல் எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்கிக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. சீருடைப் பொத்தான், பதக்கம், வரைபடம், பயிற்சிக் கையேடு, பழைய புகைப்படம் என்று ராணுவ வரலாற்றிலேயே வெடிக்காத பொருள்கள் எவ்வளவோ உண்டு. அதிலும் போலி உண்டு. ஆனால் கையைப் பறிக்காது, கம்பி எண்ணவும் வைக்காது.

வாங்காமலேயே மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய வீட்டை இடிக்கும்போதோ, தாத்தாவின் பெட்டியைத் திறக்கும்போதோ துப்பாக்கி கிடைத்தால் விசையைத் தொடாதீர்கள், குதிரையை இழுத்துப் பார்க்காதீர்கள், குழல் வாயை யார் பக்கமும் திருப்பாதீர்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு அறையைப் பூட்டுங்கள். போட்டோ எடுத்துக் குடும்பக் குரூப்பில் போடுவதை ஒத்திவையுங்கள். துணியில் சுற்றி பைக்கில் வைத்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகவும் கூடாது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோடு ரோட்டில் போவது, நல்ல எண்ணத்தோடு போனாலும், அதே 3ஆம் பிரிவுதான். ஒரு வக்கீலிடம் பேசிவிட்டு, ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லி, அவர்களை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். தாத்தாவுக்கு லைசென்ஸ் இருந்திருந்தால் அந்தப் பழைய புத்தகத்தைத் தேடி எடுங்கள். வாரிசு பெயரில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. அதுவரை துப்பாக்கி போலீஸிடமோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைப்பில் இருக்க வேண்டும். எங்கே ஒப்படைத்தாலும் எழுத்தில் ரசீது வாங்குங்கள். வாங்கியதும் மடித்துப் பையில் வைக்காதீர்கள். துப்பாக்கியின் எண், குழல் விட்டம், கூடவே கொடுத்த தோட்டா எத்தனை, இந்த மூன்றும் அதில் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள்.